முதுகுப்பைக்கு எந்தத் துண்டு: டர்க்கியா, மைக்ரோஃபைபரா, ஈரிழையா?

உள்நாட்டு விமானங்களில் கையோடு கொண்டுபோகிற பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் கணக்கு. பையின் எடையே ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும். மிச்சத்தில் எத்தனை சட்டை, எத்தனை பேன்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள்கூட, துண்டை மட்டும் வீட்டுக் கொடியிலிருந்து உருவி அப்படியே திணித்துவிடுகிறார்கள். உடுப்பை ஒரு நாள் துவைக்காமல் சமாளிக்கலாம். துண்டோ தினமும் தவறாமல் நனையும், ஈரத்தோடேயே பைக்குள் திரும்பி வரும். அதனால் கொஞ்சம் யோசித்து எடுக்க வேண்டிய பொருள் அது. என் சாய்வு ஈரிழைத் துண்டுப் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் பார்க்கிறேன்.

டர்க்கி டவலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 75 x 150 செ.மீ. அளவில் 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில்) துணி என்றால் 450 கிராம். 500 ஜிஎஸ்எம் என்றால் 560 கிராமைத் தாண்டும். வீட்டில் துடைக்கச் சுகமானது. பையில் ஒரு ஜீன்ஸ் பேன்ட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், லாட்ஜ் அறையில் ராத்திரிக்குள் காயாது. ஒரே ஊரில் நான்கைந்து நாள் தங்குகிறவர்களுக்குச் சரி, தினம் ஓர் ஊர் என்று போகிறவர்களுக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி மைக்ரோஃபைபருக்கும் ஈரிழைக்கும்தான். மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் நைலான் வகை இழையும் சேர்ந்தது, பெரும்பாலும் 80-க்கு 20. முடியைவிட மெல்லிய அந்த இழைகளின் இடுக்கில் தண்ணீர் போய் நிற்கும், இழைக்குள் ஊறாது. 60 x 120 செ.மீ. அளவில் 150 கிராம் ஒட்டி வரும். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். ஈரிழை என்பது இரண்டு நூலைச் சேர்த்து நெய்த பருத்தித் துண்டு. டர்க்கி போல் சுருள் நூல் கிடையாது, தட்டையான நெசவு. முழு நீளத் துண்டு 150 முதல் 200 கிராம் வரும். கேரளத்துத் தோர்த்தும் வங்காளத்து கம்சாவும் இதன் உறவுக்காரர்கள்தான். ஈரமும் வெக்கையும் உள்ள ஊர்களிலெல்லாம் ஜனங்கள் மெல்லிய துண்டையே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

அந்தக் காரணம் காய்வது. கையால் இறுக்கிப் பிழிந்த பிறகும் பருத்தி ஏறக்குறைய தன் எடை அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சமையலறைத் தராசு இருந்தால் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். அப்படியானால் 500 கிராம் டர்க்கியில் அரை லிட்டர் தண்ணீர் மிச்சம், 170 கிராம் ஈரிழையில் ஒரு டம்ளர். அந்த ஒரு டம்ளரும் தட்டையாக விரிந்த துணியில், இரண்டு பக்கமும் காற்றுப் பட நிற்கிறது. டர்க்கியில் அடர்ந்த சுருள்களின் அடியில் பதுங்கி இருக்கிறது. மின்விசிறிக்கு நேரே விரித்துப் போட்ட ஈரிழை சாதாரண நாளில் மூன்று, நான்கு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மைக்ரோஃபைபர் இன்னும் வேகம், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு நனைத்த துண்டு விடியற்காலை ஐந்துக்குக் காய்ந்திருந்தால் போதும். அது பன்னிரண்டு மணிக்கே காய்ந்ததா, ஒரு மணிக்கா என்பதால் பயணத்தில் எதுவும் மாறாது.

விரிக்கும் விதத்தில் கவனம் வேண்டும். லாட்ஜில் பெரும்பாலும் ஒற்றைக் கொக்கிதான் இருக்கும். அதில் மாட்டினால் எந்தத் துண்டும் மடிப்புக்குள் ஈரமாகவே கிடக்கும். மூன்று மீட்டர் நைலான் கயிறு பையில் இருக்கட்டும். ஜன்னல் கம்பியிலிருந்து கட்டில் கால் வரை சாய்வாகக் கட்டி, அதில் துண்டின் ஒரு ஓரத்தை மட்டும் நான்கு விரல் மடித்துக் கிளிப் போட்டுத் தொங்க விடுங்கள். நடுவில் மடித்துப் போட்டால் துணி இரண்டு அடுக்காகி, காயும் நேரம் கூடும்.

காயாமல் போகிற நாளும் வரும். கார்த்திகை மழையில் சென்னை, எந்த மாதமானாலும் கொடைக்கானல். ஈரத்துண்டைப் பாலிதீன் கவரில் கட்டிப் பைக்குள் வைத்தால் சாயங்காலத்துக்குள் வாடை வந்துவிடும். இந்த இடத்தில்தான் ஈரிழை ஜெயிக்கிறது. வாடை பிடித்த பருத்தித் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஊற வைக்கலாம், கல்லில் அடிக்கலாம், உச்சி வெயிலில் போடலாம். பருத்தி நனைந்தால் வலு கூடுகிற நூல், அடிக்கு அசையாது. மைக்ரோஃபைபரை இப்படியெல்லாம் செய்ய முடியாது. சூடு பட்டால் அந்த மெல்லிய இழைகள் கெட்டுப்போய், தண்ணீரை இழுக்காமல் வெறுமனே தள்ளிவிடும். துணி மென்மையாக்கி ஊற்றினாலும் அதே கதி. உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கு பாலியெஸ்டரில் ஒட்டிக்கொண்டு எளிதில் விடாது. தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் இரண்டு வாரத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நம் ஊர்த் தண்ணீர் வேறு இருக்கிறது. போர்த் தண்ணீரில் சாதாரண சோப்புப் போட்டால் நுரை வராமல் வெள்ளையாகத் திரியும். தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்த பிசுக்கு அது. மைக்ரோஃபைபரின் இடுக்குகளில் அது அடைத்துக்கொண்டால் துண்டு விறைக்கும், துடைத்தாலும் உடம்பு ஈரமாகவே இருக்கும். டிடர்ஜென்ட் தூள் என்றால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் குறைந்த பொருளோடு போகிறவர் கையில் இருப்பது குளிக்கிற சோப்பு ஒன்றுதான். அதையே போட்டுத் துவைத்தாலும் ஈரிழை இரண்டு அலசலில் சரியாகிவிடும்.

துடைப்பதோடு ஈரிழையின் வேலை முடிவதில்லை. ஸ்லீப்பர் டிக்கெட்டோடு விரிப்பு, போர்வை வராது. பெர்த்தின் ரெக்சின் மேல் விரிக்கத் துண்டு வேண்டும். வெயிலுக்குத் தலைப்பாகை. சட்டையைக் கழற்றச் சொல்கிற கோயிலில் மேல்துண்டு. ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடி முடித்து உடை மாற்றும்போது இடுப்பில் கட்ட 150 செ.மீ. நீளம் தாராளமாகப் போதும். மைக்ரோஃபைபரை உடம்பில் சுற்றினால் வியர்க்கும், வெடித்த விரலில் பட்டால் சுருக்கென்று பிடித்து இழுக்கும்.

ஈரிழைக்கும் குறைகள் உண்டு. புதுத் துண்டில் கஞ்சி இருக்கும். முதல் நாள் துடைத்தால் தண்ணீரை வழித்துவிடுமே தவிர உறிஞ்சாது. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, மூன்று முறை துவைத்த பிறகே பயணத்துக்கு எடுங்கள். காவி, சிவப்புத் துண்டுகள் சாயம் விடும். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்ப வேண்டாம். தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுவதுதான் வழி. வெள்ளைத் துண்டு நனைந்தால் உடம்பு தெரியும், ஆகவே கட்டம் போட்டதோ அடர் நிறமோ நல்லது. இடுப்பு வரை முடி உள்ளவர்களுக்கு ஒரே ஈரிழை போதும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தலைக்குத் தனியாக ஒன்று தேவைப்படலாம். அந்த ஒன்று மைக்ரோஃபைபராகவும் இருக்கலாம். குளிரான மலையில் நாள்தோறும் கூடாரம் மாற்றி நடப்பவர்களும் மைக்ரோஃபைபரே எடுத்துக்கொள்ளட்டும். அங்கே விசிறியும் கிடையாது, வெக்கையும் கிடையாது, சீக்கிரம் காய்வது ஒன்றே பெரிதாகிவிடும்.

வாங்கும்போது கலப்பு இல்லையா என்று பாருங்கள். பாலியெஸ்டர் கலந்த துண்டும் ஈரிழை என்ற பெயரில் விற்கிறது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வீட்டுக்கு வந்து தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம் போல் எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பு மணியாக இறுகும். வெட்டு ஓரம் மடித்துத் தைக்காமல் இருந்தால் தையல்காரரிடம் கொடுத்து அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நான்காவது துவையலில் நூல் பிரியும்.

என் கணக்கில் பைக்கு இரண்டு ஈரிழை. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு டர்க்கியைவிட எடை குறைவு. ஒன்று குளிக்க, மற்றது எப்போதும் உலர்ந்தே இருக்கட்டும்: விரிக்க, போர்த்த, தலைக்கு வைக்க. முதலாவது காயாத காலையில் அதை உலர்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முறுக்குங்கள். மிச்ச ஈரத்தில் நல்ல பங்கு மற்றதற்கு மாறிவிடும், இரண்டும் லேசான ஈரத்தில் நிற்கும். பிறகு இரண்டையும் பைக்கு வெளியே, மேல் வாரில் செருகித் தொங்க விட்டுக் கிளம்பலாம். பகல் நேரப் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.