நண்பகல் மழையா, மாலை மழையா? இரண்டு காலநிலை மாதிரிகள்

நிலத்தின் மேல் கோடை மழை பல இடங்களில் மாலையில்தான் உச்சம் தொடும். பூமியை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரிகளிலோ நண்பகலிலேயே தூறித் தீர்ந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய கட்டத்துக்குள் மேகம் எழுவதை நேரடியாகக் கணக்கிட முடியாது. சூத்திரம் வைத்துதான் ஊகிக்கிறார்கள். தரை சூடானதும் அந்தச் சூத்திரம் அவசரப்பட்டு மழையைத் திறந்துவிடுகிறது.

1 முதல் 4 கிலோமீட்டர் கட்டங்களில் கதையே வேறு. மேகம் எழும், வறண்ட காற்றில் கரையும், மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் சேரும், அப்புறம்தான் இடிமேகம். அது கொட்டும்போது இறங்கும் குளிர்காற்று பக்கத்தில் அடுத்த மேகத்தைக் கிளப்பும். எவ்வளவு அழகு! சில சமயம் அளவுக்கு மீறிக் கொட்டுவதும் உண்டு.

செலவு? கட்ட அகலம் பாதியானால் கணக்கீடு சுமார் 8 மடங்கு. நூறாண்டுக் கணிப்புகளுக்குப் பெரும்பாலும் பெரிய கட்டம்தான். ஆனால் திடீர் வெள்ளம் எந்த நேரத்தில் வரும் என்று கேட்டால், நான் சிறு கட்டத்தையே நம்புவேன்.