ரோஸ்ஹில் சனிக்கிழமை வகுப்புக்கு வாங்கிய பழைய மைக்ரோஸ்கோப்: ஒன்பது மாதம் பார்த்த பிறகு

போர்ட் லூயிஸில் பழைய ஆய்வகச் சாமான் விற்கும் ஒரு கடையில் ஒன்பதாயிரம் மொரீஷியஸ் ரூபாய்க்கு இதை வாங்கினேன். இரண்டு கண்ணையும் வைத்துப் பார்க்கிற மாதிரி. எல்இடி விளக்கு. 4, 10, 40, 100 மடங்கு பெரிதாக்கும் நான்கு லென்ஸ். ரோஸ்ஹில்லில் கோயிலை ஒட்டிய அறையில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்காக வாங்கியது. இருபத்தாறு வருடம் ஆய்வகத்தில் ரத்த ஸ்மியர், அதாவது கண்ணாடியில் தேய்த்த ரத்தம், பார்த்தவள் நான். மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வந்து இறங்குகிறவர்களின் வீடு தேடிப் போய், விரலில் குத்தி எடுக்கும் ரத்தம் எங்கள் மேஜைக்குத்தான் வரும். அதனால் லென்ஸ் விஷயத்தில் நான் கறார்.

முதலில் குறைகள். நூறு லென்ஸின் நுனியை அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். இதில் போனது போனதுதான், ஸ்பிரிங் இறுகிக் கிடந்தது. தெரியாமல் திருகினால் ஸ்லைடு நொறுங்கும். கண்ணை வைத்துப் பார்க்கும் இடது ஐபீஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. கடைக்காரர் "தூசிதான்" என்றார். இரண்டாம் தடவை மெட்ரோவில் தூக்கிக்கொண்டு போய், டார்ச் அடித்துக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். ஐபீஸை அன்றைக்கே மாற்றித் தந்தார். லென்ஸுக்கு மூன்று வாரம் ஆனது. வாங்கப் போகிறவர்கள் ஒரு ஸ்லைடும், நூறு லென்ஸுக்கு ஸ்லைடில் விடும் எண்ணெய் ஒரு சொட்டும் கையோடு கொண்டு போங்கள். அங்கேயே நூறில் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, லென்ஸ் மாற்றிய பிறகு எப்படி? அருமை. சின்னத் திருகு வழுக்காமல் நிற்கிறது. நான் ஃபோகஸ் செய்து வைத்தால், பதினான்கு பிள்ளைகள் வரிசையாகப் பார்த்து முடிக்கும் வரை படம் நகர்வதில்லை. முதல் நாள் வைத்தது மூளையைத் தாக்கும் வகை மலேரியாவின் ஸ்லைடு, ஃபால்சிபாரம். வெளிர் சிவப்பு அணுக்களுக்கு நடுவே ஊதாவில் ஒரு பிறை, அதன் வயிற்றில் மிளகுத்தூள் தூவியது போலக் கருப்புப் பொட்டுகள். "மிஸ், பனான்!" என்று கத்தினாள் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண். வாழைப்பழம்தான், சரியாகத்தான் சொன்னாள். அந்தக் கருப்பு என்ன என்று அடுத்துக் கேட்டாள். ஒட்டுண்ணி நம் ரத்தத்தைத் தின்று மிச்சம் வைக்கிற சாயம் என்றேன்.

மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று கண்டுபிடித்த பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸுக்குத் துப்புக் கொடுத்ததும் அந்தக் கருப்புதான். அல்மோராவில் பிறந்து, 1881-ல் மதராஸ் ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தவர். ரத்தத்தில் ஒட்டுண்ணி இருப்பதையே முதலில் நம்பவில்லை. 1894-ல் லண்டனில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் ஸ்லைடில் காட்டிய பிறகே நம்பினார். 1897-ல் ஊட்டிக்குக் கீழே சீகூர் பக்கம் ஆராயப் போய், தானே மலேரியாவில் விழுந்தார். பிறகு செகந்திராபாத். அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்று கயிறு கட்டி இழுக்கும் பங்கா விசிறியைக் கூட இழுக்க விடாமல் வெயிலில் உட்கார்ந்தார். வியர்வை பட்டு மைக்ரோஸ்கோப் திருகுகள் துருப்பிடித்தன, மிச்சமிருந்த ஒரே ஐபீஸும் விரிசல். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் ஆகஸ்ட் 20 அன்று, ஹுசைன் கான் என்ற நோயாளியைக் கடித்த புள்ளிச் சிறகு கொசுவின் வயிற்றுச் சுவரில் அதே கருப்புச் சாயத்தைக் கண்டார். ஒரு கொசு கடிக்க ஓரணா கூலி கொடுத்திருக்கிறார். அடுத்த வருடம் கல்கத்தாவில், பறவை மலேரியாவை வைத்து, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வரை வருவதைக் காட்டினார். 1902-ல் நோபல்.

பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது இதற்கல்ல, அவர் இங்கே வந்தார் என்றதற்கு. 1860-களின் மலேரியாக் காய்ச்சலில் போர்ட் லூயிஸை விட்டு, வசதியுள்ள ஜனங்கள் க்யூர்பிப் மேட்டுக்கு ஏறிப் போனார்கள். கரும்புத் தோட்டத்தில் நம் ஆட்களுக்கு ஏறிப் போக இடம் ஏது? 1907 நவம்பரில் ராஸ் கப்பலில் வந்து மூன்று மாதம் தங்கினார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மலேரியாவின் அடையாளமாக மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கணக்கெடுக்க வைத்தார். எத்தனை கொசு இருந்தால் நோய் நிலைக்கும் என்று கணக்குப் போட்டு 1908 அறிக்கையில் எழுதினார். 1973-ல் இந்தத் தீவை மலேரியா இல்லாத இடம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1975 புயலுக்குப் பின் நோய் திரும்பி வந்தது, திரும்பவும் துரத்தினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பயம் மூத்தவர்கள் பேச்சில் அப்படியே இருந்தது.

பராமரிப்பு பற்றி ஒன்று. இங்கே ஈரம் அதிகம், பூஞ்சை திரும்ப வரும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் மட்டும் போதாது. மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள், மாதம் ஒரு முறை பையை மாற்றுங்கள். எண்ணெய் போட்டுப் பார்த்த அன்றே லென்ஸ் காகிதத்தால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். இப்போது எங்கள் வகுப்பில் அந்த வேலை பனான் என்று கத்திய பெண்ணுடையது.