பெய்ஜிங்ல "பழைய லேக்கர்" பெட்டி வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

வயிறு எரியுது, அதான் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். பெய்ஜிங்ல ஒரு பழம்பொருள் கடையில செதுக்கு வேலை செஞ்ச சிவப்பு லேக்கர் பெட்டி (லேக்கர்னா மரப்பால்ல செய்யற கெட்டிப் பூச்சு) ஒண்ணு வாங்கினேன், 18,000 யுவான், நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல. அது லேக்கரே இல்லயாம். அச்சுல ஊத்தின ரெசின், பிளாஸ்டிக் மாதிரி.

இந்த வேலைப்பாடுன்னா எனக்கு உசிரு. அரண்மனை மியூசியத்துல யுவான் வம்சத்து (காசு இல்ல, மிங்குக்கு முந்தின அரச வம்சம்) லேக்கர் கலைஞர்கள் சாங் செங், யாங் மாவ் ரெண்டு பேரோட தட்டையும் பாத்தவங்களுக்கு ஏன்னு தெரியும். ஒரு மரத்தோட பாலை எடுத்து, சாதிலிங்கம்கிற சிவப்புப் பொடி கலந்து, மெலிசா ஒரு கோட் பூசி, அது ஈரக் காத்துல இறுகினப்புறம் அடுத்த கோட், இப்படி மாசக்கணக்கா நூறு கோட் வரைக்கும்கூட ஏத்தினப்புறம்தான் கத்தியே வைப்பாங்க, கத்தி ஒரு இடத்துல ஆழமா இறங்கிடுச்சுன்னா அவ்வளவு மாச வேலையும் போச்சு. சாங் செங் மகன் சாங் தெகாங்கை மிங் மன்னர் யோங்லெ பெய்ஜிங்குக்கு வரவழைச்சு அரண்மனைப் பட்டறைய பாத்துக்க வெச்சார். 1403ல அதே மன்னர் ஜப்பானுக்கு அனுப்பின பரிசுல இந்த மாதிரி பொருள் இருந்துச்சு. அப்பேர்ப்பட்ட வேலையோட பேரைச் சொல்லி ஏமாத்துறானுங்க!

கடைக்காரர் டீ போட்டுக் கொடுத்து, மேல சொன்ன கதையெல்லாம் அவரே சொன்னாரு. 18ஆம் நூற்றாண்டு சியென்லோங் மன்னர் காலத்துல சூச்சோவ் ஊர்ல செஞ்ச பெட்டி, எங்க தாத்தா சொத்துன்னாரு. போட்டோ ஒட்டி சீல் குத்தின சர்டிபிகேட் காட்டினாரு. லென்சை என் கையில குடுத்து நல்லா பாருங்கன்னாரு. கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சந்தேகம் வந்தா ஒரு மாசத்துக்குள்ள கொண்டாங்க, முழுப் பணமும் வாங்கிக்கங்க"ன்னாரு பாருங்க, அங்கதான் நான் பணத்தை எடுத்துக் குடுத்தேன். 18,000 யுவான்.

வீட்டுல மூடியோட ஓரம் கொஞ்சம் பேந்துச்சு, உள்ள வெள்ளையா மாவு மாதிரி. நிஜ லேக்கர்னா பேந்த இடத்துல கோடு கோடா அடுக்கு தெரியணும். லேக்கர் செதுக்கறதுலயே காலம் போன ஒரு பெரியவர்ட்ட காட்டினேன், லென்சைக்கூட எடுக்கல, "கத்தி பட்ட தடமே இல்லயே"ன்னாரு. பூவெல்லாம் அச்சுமுறுக்கு மாதிரி ஒரே அளவு, ஓரமெல்லாம் மழுங்கல். அப்புறம் ஒரு ஷாப்பிங் ஆப்ல தேடினா அதே பெட்டி, அதே கிளை, அதே வளைவு, இருநூத்திச் சொச்சம் யுவானுக்குக் கிடக்குது!

வீசாட்ல (இங்க எல்லாரும் வெச்சிருக்கிற மெசேஜ் ஆப்) கடைக்கு மெசேஜ் போட்டா முதல்ல "முதலாளி வெளியூர்". அப்புறம் "சர்டிபிகேட் இருக்கே, வேற என்ன வேணும்". அப்புறம் "நீங்கதான் உடைச்சீங்க, உடைஞ்சத எடுக்க மாட்டோம்". நேர்ல போனா கையைப் பிடிச்ச அதே ஆளு பில்லை எடுத்துக் காட்டுறாரு, அதுல "கைவினைப் பொருள், 1"னு மட்டும்தான் இருக்கு, காலமும் இல்ல, லேக்கர்ங்கிற பேச்சும் இல்ல. ஒரு மாச கேரண்டி பத்தி கேட்டா அப்படி யாரும் சொல்லலயாம். இப்ப வீசாட்லயும் ப்ளாக் பண்ணிட்டாங்க. 18,000 யுவான்ங்க, சும்மாவா!

வாங்கப் போறவங்களுக்கு விவரமா எழுதணும்னு உக்காந்தேன், முடியல, கை நடுங்குது. இதை மட்டும் செய்ங்க. எந்தக் காலம், என்ன பொருள்னு பில்லுல எழுதச் சொல்லுங்க, மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க. கடைக்காரன் தர்ற சர்டிபிகேட்டை நம்பாதீங்க. 1911க்கு முந்தின பழம்பொருளை சீனாவை விட்டு வெளிய கொண்டு போகவே தடை இருக்கு, "ஊருக்கு எடுத்துட்டுப் போங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா ஒண்ணு பொருள் பொய், இல்ல உங்கள மாட்டி விடறான். நான் 12315ல (சீனாவோட நுகர்வோர் புகார் எண்) புகார் குடுத்திருக்கேன், இன்னும் பதில் இல்ல. இதே மாதிரி மாட்டி பணம் திரும்ப வாங்கினவங்க யாராவது இருந்தா என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க, தயவுசெஞ்சு.