18,500 ரூபாய் போச்சு: செல்போனில் பார்த்துக் கோழி வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிராமத்துப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துப் போகிறவர்கள், பின்னால் இடம் சும்மா கிடக்கிறதே, நாலு கோழி விடலாம் என்று நினைக்கிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கும் பணம் அனுப்புங்கள். 18,500 ரூபாய். ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும். கோழி எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் வாடகைக்குக் குடிபோன இடம் ஆனைமலைப் பக்கம். தோப்பு வீடு, பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட பழைய மாட்டுச்சாளை. விற்றவன் பழைய பொருள் வாங்க விற்க உள்ள பெரிய செயலி ஒன்றில் "பண்ணையிலிருந்து நேரடி விற்பனை" என்று விளம்பரம் போட்டிருந்தவன். செயலியின் பெயர், பண்ணையின் பெயர் எதையும் எழுதப்போவதில்லை. பெயரை நாளைக்கே மாற்றிக்கொள்வான். செய்கிற விதம்தான் மாறாது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேசியது இது. ஒரு மாதச் சிறுவிடைக் (நாட்டுக்கோழியில் சின்ன ரகம்) குஞ்சு 50, ஒன்று 180 ரூபாய், தடுப்பு மருந்து எல்லாம் போட்டது: 9,000. ஏழு மாதப் பெட்டை 6, முட்டைக்கு வந்தது, ஒன்று 650: 3,900. ஆறடிக்கு நாலடி கூண்டு, 14 கேஜ் ஜிஐ வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிப் பற்றவைத்த கம்பி வலை), இரும்புக் கால்: 5,600. ஆக மொத்தம் 18,500. வண்டி வாடகை இலவசமாம்.

இவனை நம்பியது மலிவு விலைக்காக அல்ல. 180 ரூபாய் ஒன்றும் மலிவு இல்லை. விஷயம் தெரிந்தவன் போலப் பேசினான், அதுதான் தூண்டில். "கீரி வருமாங்ண்ணா அந்தப் பக்கம்? மரநாய்? அப்படின்னா ஒரு இஞ்ச் வலை வேண்டாங்ண்ணா, அரை இஞ்ச் போட்டாத்தான் பாம்பும் நுழையாது" என்றான். சரியான பேச்சு. "குஞ்சுக்குக் கீழ நியூஸ் பேப்பர் விரிக்காதீங்க, கால் வழுக்கி அகட்டிக்கும், தேங்காய் நார்த்தூளோ உமியோ ரெண்டு இஞ்ச் போடுங்க" என்றான். அதுவும் சரி. "புதுசா குடி வந்திருக்கீங்களா? சொந்த வீடா, வாடகையா?" என்று கேட்டான். அக்கறை மாதிரித்தான் இருந்தது. எதற்காகக் கேட்டான் என்பது பின்னால் புரிந்தது.

வீடியோ காலில் பண்ணையைக் காட்டினான். கொட்டகை, நீலத் தண்ணீர்த் தொட்டி, மேயும் கோழிகள். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குப் போடும் லசோட்டா தடுப்பு மருந்துக் குப்பியின் படம் ஒன்றும் வந்தது. முன்பணம் 5,000. மீதி 13,500 வண்டி கிளம்பும் முன்னால். "டிரைவர்கிட்ட காசு குடுத்தா எங்களுக்கு வந்து சேராதுங்ண்ணா, அதுக்குத்தான்" என்று காரணம் வேறு.

காலையில் வரவேண்டிய வண்டி இரவு ஒன்பதரைக்கு வந்தது. இதுதான் இந்த வியாபாரத்தின் முதல் சூட்சுமம், குறித்துக்கொள்ளுங்கள். இருட்டில் கோழியின் எச்சம் என்ன நிறம் என்று தெரியாது. கொண்டை சிவப்பா வெளிறலா என்று தெரியாது. இருட்டில் எல்லாக் கோழியும் ஒடுங்கித்தான் உட்காரும், நோய்க்கோழி எது நல்ல கோழி எது என்று பிரிக்க முடியாது. ஓட்டுநர் இன்ஜினையே அணைக்கவில்லை. "இன்னும் மூணு லோடு இருக்குதுங்க" என்று அட்டைப்பெட்டிகளையும், கால் கட்டிய பெட்டைகளை ஒரு சாக்கில் வைத்தும் இறக்கினார். ஒரு சீட்டில் கையெழுத்து. "பறவைகள் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டன."

விடிந்ததும் தெரிந்த கணக்கு வேறு.

முதலில் குஞ்சுகள். சிறுவிடைக் குஞ்சு ஒரு மாதத்தில் கால் கிலோவுக்கு உள்ளேதான் நிற்கும். அதுவும் ஒன்று கருப்பு, ஒன்று செம்மண் நிறம், ஒன்று புள்ளி என்று கலந்து இருக்கும், அளவும் ஒன்றுபோல் இருக்காது. வந்தவை எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, தடித்த மஞ்சள் கால், தராசில் வைத்தால் அரைக் கிலோவை நெருங்குகிறது. வேகமாக வளரும் கலர் கலப்பினம். கலப்பினம் தப்பில்லை. வனராஜா, கிராமப்பிரியா, நந்தனம் என்று பெயர் சொல்லி விற்கிறவர்களிடம் நானே வாங்கச் சொல்வேன். ஆனால் அதற்கு 180 ரூபாய் கிடையாது. தவிர இந்த மாதிரிப் பெட்டைகளை அடைக்கு உட்காரும் என்று நம்பி வாங்க முடியாது. கொல்லையில் தானாகப் பெருகும் என்று சிறுவிடை கேட்டவனுக்கு இது பாதி ஏமாற்று.

மீதிப் பாதி நோய். முதல் நாள் காலையிலேயே பத்துப் பதினைந்து குஞ்சுகளின் பின்புற இறகில் பச்சையும் வெள்ளையுமாக எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. அடுத்து வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, இறக்கை தொங்குவது, கழுத்து முறுக்கிக்கொள்வது. கோழி வளர்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வெள்ளைக்கழிச்சல். கால்நடை மருத்துவரும் அதையேதான் சொன்னார். வந்த பிறகு மருந்து கிடையாது. 50-ல் 31 செத்தன. மூன்றடிக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்ததுதான் மிச்சம். வாய்க்காலிலோ குப்பையிலோ வீசினால் ஊரே காலி.

தடுப்பு மருந்து போட்டதுதானே, எப்படி வந்தது? இங்கேதான் இரண்டாவது சூட்சுமம். லசோட்டா இயல்பிலேயே வீரியம் குறைந்த உயிருள்ள கிருமியை வைத்துத் தயாரிக்கும் மருந்து. குஞ்சு பொரித்து ஏழாம் நாளை ஒட்டிக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் வேறு வகை மருந்தில் ஊசி, அரை மில்லி. இடையில் இரண்டாம் வாரம் கம்போரோ என்கிற இன்னொரு குஞ்சு நோய்க்குத் தனி மருந்து. போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, ஒரு வாரமாவது ஆகும். மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். கலக்கிவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வெயிலில் பைக் பெட்டியில் வந்த மருந்தும் தண்ணீரும் ஒன்றுதான். அவன் அனுப்பிய குப்பிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இருக்கும் இடம் விரலால் மறைந்திருக்கிறது. அதே படம் அதே விரலோடு அவனுடைய வேறு மூன்று விளம்பரங்களிலும் இருக்கிறது.

பெட்டைகள் இன்னும் மோசம். ஏழு மாதப் பெட்டையின் கால் செதில் வழவழவென்று ஒட்டி இருக்கும். இவற்றின் கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரவென்று இருந்தது. அலகின் நுனி மழுங்கி, மேல் அலகு குட்டை. கொல்லையில் வளர்ந்த கோழிக்கு எவன் அலகு வெட்டுவான்? கூண்டுப் பண்ணையில் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கத்தான் வெட்டுவார்கள். ஆக இவை முட்டைக்காலம் முடிந்து கழித்துவிட்ட பழுப்புநிறப் பண்ணைக் கோழிகள். பிவி 380 என்று வீட்டு முட்டைக்கு விற்கிறார்களே, அந்த வகை என்றார் மருத்துவர். இளம் பெட்டையாக வாங்கினால் நல்ல கோழிதான், வருஷத்துக்கு முந்நூறை ஒட்டி முட்டை வைக்கும். கழித்துவிட்டது கறிக்குப் போகும். அதை 650 ரூபாய்க்குத் தலையில் கட்டியிருக்கிறான்.

முட்டையிடுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். கோழியைக் கவிழ்த்துப் பிடித்து எச்சத்துவாரத்துக்கு இரண்டு பக்கமும் முனை தட்டுப்படும் இடுப்பெலும்புகளுக்கு நடுவே விரலை வையுங்கள். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடும் கோழி. ஒரு விரலே கஷ்டப்பட்டால் இல்லை. துவாரம் ஈரமாக, அகலமாக, வெளிறி இருக்க வேண்டும். காய்ந்து சுருங்கி மஞ்சளாக இருந்தால் முட்டை நின்று நாளாயிற்று. ஆறில் ஆறும் அப்படித்தான்.

கூண்டு ஐந்தடிக்கு மூன்றடி. 24 சதுர அடி என்று பேசி வந்தது 15. இரண்டு மாதம் வரை குஞ்சுக்கு அரைச் சதுர அடி, பெரிய கோழிக்கு இரவில் அடைய ஒரு சதுர அடியாவது வேண்டும். 15 சதுர அடியில் 50 குஞ்சை அடைத்தால் அம்மோனியா நெடி ஏறிக் கண் வீங்கும், ஒன்றையொன்று கொத்திப் பிடுங்கும். வலை 14 கேஜ் இல்லை. கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 14 என்றால் கம்பி 2 மில்லிமீட்டர். வந்தது 20 கேஜ் அறுகோண வலை, ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. நாய் பல்லை வைத்து இழுத்தால் கிழியும். இரும்புக் கால் என்றது சவுக்குக் குச்சி. தோப்பு மண்ணில் கரையான் ஒரே மழைக்காலத்தில் முடித்துவிடும்.

இனி அவன் பதில்கள். முதலில், "இடம் மாறின அதிர்ச்சிங்ண்ணா, வெல்லத் தண்ணி குடுங்க, ரெண்டு நாள்ல சரியாயிரும்." பயண அலுப்பில் குஞ்சு ஒரு நாள் சோர்ந்து கிடக்கும், தண்ணீர் குடித்துத் தேறும். பச்சைக் கழிச்சல் வராது, கழுத்து முறுக்காது. அடுத்து, "உங்க போர் தண்ணி உப்புத் தண்ணியா இருக்கும்." அடுத்து, "வாடகை வீடுதானுங்களே, முன்னாடி இருந்தவங்க கோழி வெச்சிருப்பாங்க, சாளையிலயே கிருமி இருந்திருக்கும்." சொந்த வீடா வாடகையா என்று கேட்டானே, அது இதற்குத்தான். இந்த நோய்க்கிருமி உள்ளே போய் அறிகுறி காட்டக் குறைந்தது இரண்டு நாள், வழக்கமாக ஐந்தாறு நாள் ஆகும். இரவில் இறங்கிய குஞ்சுக்கு விடியும்போதே கழிச்சல் என்றால் நோய் வண்டியிலேதான் வந்தது. பழைய வீட்டிலிருந்து கூட வந்த, எட்டு வார ஊசி போட்ட கோழிகள் அதே சாளையில் இன்றைக்கும் திடமாக மேய்கின்றன.

கடைசியாக, "நீங்கதானே நல்ல நிலையில வாங்கினதா கையெழுத்து போட்டீங்க?" அப்புறம் என் செல்போன் எண்ணை முடக்கிவிட்டான்.

செயலியின் வாடிக்கையாளர் சேவை அவனுக்குச் சற்றும் இளைத்ததல்ல. "நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் சந்திக்க வைக்கிறோம், அவ்வளவே. பணம் எங்கள் செயலிக்கு வெளியே போயிருக்கிறது. உங்கள் புகார் மூடப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" 18,500 ரூபாயை விட்டவனிடம் நட்சத்திரம் கேட்கிறார்கள். அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. மேலே "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சைக் குறி வேறு. அது செல்போன் எண்ணைச் சரிபார்த்த குறி. கோழியை யாரும் சரிபார்க்கவில்லை.

முழு வழிகாட்டி எழுதும் பொறுமை இப்போது இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

பொழுது சாய்ந்த பிறகு வரும் கோழி வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். பகலில் இறக்கி, எண்ணி, எடை போட்டு, வாலடி பார்த்து, அதன் பிறகு மீதிப் பணம். அதற்கு ஒத்துக்கொள்ளாதவன் எவ்வளவு விவரமாகப் பேசினாலும் வேண்டாம். வீடியோ காலில் பண்ணையைச் சுற்றிக் காட்டச் சொல்லாதீர்கள், நீங்கள் கை காட்டும் கோழியைப் பிடித்து அலகையும் கால் செதிலையும் காட்டச் சொல்லுங்கள்.

மருந்து போட்டது என்றால் எந்தத் தேதி, எந்த மருந்து, தொகுதி எண் என்ன. மூன்றும் வராவிட்டால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை கோழிக்குப் போடுகிறார்கள் என்று குடிபோன வாரமே கேட்டு வையுங்கள். குப்பியை உடைத்தால் நூறு கோழிக்காவது வரும், அதனால் நாள் குறித்துத்தான் போடுவார்கள்.

புதுக்கோழியைப் பழைய கோழியோடு மூன்று வாரம் சேர்க்காதீர்கள். தீவனத் தட்டு, தண்ணீர்க் குவளை, உங்கள் செருப்பு முதற்கொண்டு தனி. முதலில் பழைய கோழியைக் கவனித்துவிட்டு அப்புறம் புதுசிடம் போங்கள். வீடு மாறிக் கூட்டி வந்த கோழிகளை ஒரு வாரம் அடைத்தே தீனி போட்டால்தான் சாயங்காலம் புது இடத்துக்குத் திரும்பும்.

பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணைக் கூப்பிடுங்கள். தாமதித்தால் அந்தக் கணக்கில் முடக்குவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. செயலிக்காரர்கள் தட்டிக்கழித்தால் "குறைதீர் அலுவலர்" என்று கேட்டு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 18,500 ரூபாய்க்கும் போடலாம், போடப்போகிறேன்.

நீலத் தொட்டி இருக்கும் பண்ணை வீடியோவும், விரல் மறைத்த லசோட்டா குப்பிப் படமும் வேறு யாருக்காவது வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். புகாரில் சேர்க்க வேண்டும்.