ஆறு மாதக் குளிசை: யாழ்ப்பாணத்தில் காசநோய்ச் சிகிச்சை எப்படி?

என் தம்பி ஓட்டோ ஓட்டுகிறவர். அவருக்குக் காசநோய் என்று தெரிந்து ஐந்து மாதமாகிறது. அரசாங்கச் சிகிச்சை சரிவருமா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நோய் தெரியவருவதற்கு முன், இருமல் தொடங்கிய முதல் ஐந்து வாரம் வீணாய்ப் போனது. தனியார் மருத்துவர் ஒருவர் மூன்று தரம் அன்ரிபயோட்டிக் மாற்றிக் கொடுத்தார், ஒரு தரம்கூடச் சளியைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலே சளி பார்க்க வேண்டும். அவ்வளவு நாளும் தம்பி மூன்று வயது மகனோடு ஒரே அறையில் படுத்தவர், நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போன பிறகு எல்லாம் மாறியது. சளி, எக்ஸ்ரே, மருந்து எதற்கும் ஒரு சதம் வாங்கவில்லை. தம்பி 48 கிலோ என்பதால் தினமும் மூன்று குளிசை, நாலு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த குளிசை, வெறும் வயிற்றில். சிறுநீர் தோடம்பழச் சாறு மாதிரிப் போகும், பயப்பட வேண்டாம், கண் மஞ்சளானால் மட்டும் உடனே வரவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள், மகனுக்குத் தடுப்பு மருந்தும் தொடங்கினார்கள்.

இனி, தினமும் குளிசையை ஒருவர் பார்த்திருக்க அவர் முன்னால்தான் விழுங்க வேண்டும் என்கிற விஷயம். எங்களுக்குக் குறித்துக் கொடுத்த இடம் வீட்டுக்குக் கிட்டத்தான், ஆனால் திறப்பது எட்டு மணிக்கு. தம்பிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற நேரம் அது, மாத வருமானத்தில் பாதி அதில்தான் வருகிறது. இரண்டாம் கிழமையிலேயே மூன்று நாள் விட்டுவிட்டார், அங்கே ஒருவரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நான் போய்ச் சொன்ன பிறகு, காலை ஆறரைக்குத் தன் வீட்டிலேயே பார்த்துக் கொடுக்கக்கூடிய ஒரு தொண்டரிடம் மாற்றிவிட்டார்கள். அந்த அம்மா ஒரு நாள் அவர் பிந்தினாலும் போன் எடுப்பார்: “தம்பி, தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன், வாங்கோ.” அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

கடினமான காலம் மூன்றாம் மாதம்தான். முதல் இரண்டு மாதம் முடிந்து, மருந்து இரண்டாகக் குறைந்து, உடம்பும் தேறி, “அக்கா, எனக்கு இருமலே இல்லை, பிறகேன் குளிசை?” என்று கேட்கிற காலம். அப்போது விட்டால் மிச்சக் கிருமி திரும்பப் பெருகும், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். தொடர்ந்து இரண்டு மாதம் மருந்தை நிறுத்தினால்தான் பதிவேட்டில் ஒருவரைச் சிகிச்சையை விட்டவராகக் கணக்கெடுப்பார்கள். என்னைக் கேட்டால் அது மிகவும் பிந்திய கணக்கு. நகரத்தில் நாட்கூலிக்குப் போகிறவர் வராத முதல் நாளே யார் போன் எடுக்கிறார்கள், அந்த இடம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, இதை வைத்துத்தான் இந்தச் சேவையை அளக்க வேண்டும்.

மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். கண்காணிப்புக்கு, அந்த அம்மா இருந்ததால் நாலு, முதல் கிடைத்த இடத்துக்கென்றால் இரண்டு.

இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி இல்லை. ஐந்தாம் மாதச் சளி வரும் செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டும், டப்பாவை நேற்றே வாங்கி வைத்துவிட்டார்.