மேக்புக் ப்ரோ 14 அங்குலம் (2021): வழிக்கு வந்த விசைப்பலகை

2021 அக்டோபரில் வெளியான இந்த மடிக்கணினியின் எம்1 ப்ரோ சில்லைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நாள் முழுவதும் தமிழில் தட்டச்சு செய்யும் எனக்கு முதலில் பார்க்க வேண்டியதாகப் பட்டது விசைப்பலகைதான். ஒவ்வொரு விசையும் சுமார் 1 மில்லிமீட்டர் இறங்கி, பதிந்தது விரலுக்குத் தெரியும்படி மேலெழுகிறது. முந்தைய மாடல்களில் மேல்வரிசை விசைகளுக்குப் பதிலாக இருந்த தொடுதிரைப் பட்டையான டச் பார் போய், மேல்வரிசையில் முழு அளவு விசைகள் வந்துவிட்டன.

இதற்கெல்லாம் பாராட்டா என்று கேட்பவர்கள், 2015 முதல் ஆப்பிள் பயன்படுத்திய 'பட்டர்ஃப்ளை' விசைப்பலகையை நினைத்துப் பார்க்க வேண்டும். கணினியை மெலிதாக்க விசையின் இறக்கத்தைக் குறைத்ததில், அடியில் ஒரு தூசித் துகள் புகுந்தாலே விசை பதியாமல் போவதாகவும், ஒருமுறை தட்டினால் இருமுறை பதிவதாகவும் புகார்கள் குவிந்தன. தமிழ்99 முறையில் ஒரே எழுத்தை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும் என்பதால், 'ட' கூடுதலாக ஒருமுறை பதிந்தாலே 'படம்' 'பட்டம்' ஆகிவிடும்; அதுவும் சரியான சொல்தான் என்பதால் பிழைதிருத்தி வாய் திறக்காது.

ஆப்பிள் இதை எதிர்கொண்ட விதம் பாராட்டும்படி இல்லை. 2018 ஜூனில் நான்காண்டு இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தபோதும், பாதிக்கப்பட்டவை மிகச் சிறு விழுக்காடே என்றது. அடுத்த மாதம் வந்த மாடலில் விசைகளுக்கு அடியில் சிலிக்கோன் சவ்வைச் சேர்த்துவிட்டு, சத்தத்தைக் குறைக்கவே இந்த மாற்றம் என்றது. 2019 மார்ச்சில் வருத்தம் தெரிவித்தது. அந்த மே மாதத்தில் வெளியிட்ட புதிய மாடல்களை, விற்பனைக்கு வந்த அன்றே பழுதுநீக்கத் திட்டத்திலும் சேர்த்ததைவிட வெளிப்படையான ஒப்புதல் வேறு இருக்க முடியாது. 2019 நவம்பரில் 16 அங்குல மாடலில் விசையைக் கத்தரிபோல் குறுக்கிட்ட தாங்கிகள் தாங்கும் பழைய 'கத்தரி' அமைப்பு திரும்பியது. 2020 மே மாதத்துக்குள் மற்ற மாடல்களும் மாறின. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை 2022இல் 5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டபோதும் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

வாயால் சொல்லாததை இந்த 14 அங்குலக் கணினி சொல்கிறது. 2016இல் நீக்கப்பட்ட, வெளித்திரையை இணைக்கும் ஹெச்டிஎம்ஐ துளை, கேமரா நினைவட்டைக்கான எஸ்டி கார்டு துளை, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மேக்சேஃப் சார்ஜர் ஆகிய மூன்றும் திரும்பியிருக்கின்றன. எடை 1.6 கிலோ, மெலிவுக்காகப் பயன்பாட்டைப் பலியிட்ட காலம் முடிந்தது என்பதற்கு அந்தக் கனமே சான்று.

எனினும் பாடம் பாதிதான் படித்திருக்கிறார்கள். விசைப்பலகை இன்னமும் மேற்பகுதி உறையோடு பிரிக்க முடியாதபடி பிணைக்கப்பட்டிருப்பதால், உத்தரவாதக் காலம் முடிந்தபின் அது பழுதானால் உறையையே மாற்றும் செலவு நம் தலையில் விழும். அறிமுகத்தின்போது 1,94,900 ரூபாய் விலை வைத்த கணினிக்கு இது பெருங்குறை. நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னர் கூட்ட முடியாது. ஆகவே வாங்கும்போதே தேவையைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

எழுத்துவேலைக்காகப் பழைய மேக்புக் தேடுபவர்களுக்கு இந்த மாடலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 2016 முதல் 2019 வரையிலான 13 அங்குல ப்ரோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அவற்றுக்கான இலவசப் பழுதுநீக்கக் காலம் முடிந்துவிட்டது.