கணுக்காலுக்கு மேலே எலும்பு தெரியும் காயம்: சூரல் ஃபிளாப்பா, ஃப்ரீ ஃபிளாப்பா?

பைக் விபத்தில் சதை பிய்ந்து, எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. வெறும் எலும்பின் மேல் தோலை மட்டும் ஒட்டினால் பிடிக்காது. ரத்த ஓட்டமுள்ள திசு வேண்டும்; அப்படி எடுத்து மூடும் திசுவைத்தான் ஃபிளாப் என்கிறார்கள்.

சூரல் ஃபிளாப்பில் கெண்டைக்காலின் பின்பக்கத் தோலை, காம்பு (ரத்தம் கொண்டுவரும் இணைப்பு) அறாமல் கீழே திருப்பி மூடுகிறார்கள். வெளிக்கணுவுக்குச் சுமார் 5 செ.மீ. மேலே வரும் சின்ன ரத்தக்குழாய்கள்தான் அதற்கு உயிர். மைக்ராஸ்கோப் தேவையில்லை, நேரமும் குறைவு. ஆனால் ரத்தம் திரும்பிப் போகாமல் தேங்கினால் நுனி நீலம் பாரித்துக் கறுத்துவிடும். பாதத்தின் வெளியோரமும் மரத்துப்போகலாம்.

ஃப்ரீ ஃபிளாப் என்றால் தொடை போன்ற வேறு இடத்திலிருந்து திசுவைத் தனியாக எடுத்து, அதன் மெல்லிய ரத்தக்குழாய்களைக் காலின் ரத்தக்குழாய்களோடு மைக்ராஸ்கோப்பில் தைக்க வேண்டும். முதல் 2, 3 நாள் இரவும் பகலும் ஃபிளாப்பின் நிறம் பார்க்க வேண்டும். அப்படியிருந்தும், காயம் பெரிதென்றால் நான் இதைத்தான் கேட்பேன். நாள்பட்ட சர்க்கரையும் புகைப்பழக்கமும் உள்ளவருக்கு, சூரல் சுலபம் என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வராது.